பதினேழு பேருக்கு ஒரே நம்பர்

மன்னவனூரில் பதினேழு பேருடைய பேங்க் கணக்கில் என் செல்போன் நம்பர்தான் இருக்கிறது. என் பெண்டாட்டி அந்தப் பதினேழில் சேர்த்தி இல்லை. அவள் விவரமானவள், தன் தம்பி நம்பரைக் கொடுத்திருக்கிறாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குள் மேசை போட்டு உட்கார்ந்து எல்லாருக்கும் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தார்கள். படிவத்தில் செல்போன் நம்பருக்கு ஒரு கட்டம் இருந்தது. அப்போது எங்கள் ஊரில் சிக்னல் பிடிக்க ஆட்டுப் பண்ணைக்கு மேலே உள்ள மேட்டில் ஏறி நிற்க வேண்டும். மேகம் இறங்கிவிட்டால் அதுவும் கிடையாது. தினமும் மலை இறங்கி ஏறுகிறவன் நான் ஒருத்தன்தான். ஊர்க் காய்கறியைப் பிக்கப் வண்டியில் ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் சேர்ப்பது என் பிழைப்பு. வரிசையில் முதலாக நின்ற அன்னக்கொடி அத்தை, "வேல்ராசு நம்பரப் போடுங்க சார், அவன்தான் சிக்னல் உள்ள பக்கம் போய் வாரவன்" என்றாள். பின்னால் நின்ற பதினாறு பேரும் யோசிக்காமல் அதையே சொன்னார்கள். நான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. சாயங்காலம் வண்டியை நிறுத்திய பிறகுதான் எனக்கே விஷயம் தெரியும்.

இப்போது ஆளுக்கொரு போன் இருக்கிறது. ஆனால் பேங்கில் நம்பரை மாற்ற ஒருத்தரும் கிளம்பவில்லை. ஒரு நாள் வேலை கெடும் என்பார்கள். "ஒன் நம்பரு ராசியான நம்பருலே" என்றும் சொல்வார்கள். எனக்கு அதில் என்ன ராசி வந்தது என்று கேட்டால் பூண்டு உரிக்கப் போய்விடுவார்கள். ஊரில் யாருக்காவது ஓடிபி தேவைப்பட்டால் என் வண்டியின் முன் சீட்டில் வந்து உட்கார வேண்டும். குறுஞ்செய்தி வந்ததும் நான் அவர்கள் முகத்தைப் பார்த்து நம்பரைச் சொல்வேன். சினிமா டிக்கெட் எடுக்கக்கூட இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த முகம் பார்க்கிற ஏற்பாட்டுக்கும் காரணம் அன்னக்கொடி அத்தைதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று ஒருவன் எனக்கு போன் செய்தான். குரலில் அப்படி ஒரு மரியாதை. என்னை வாழ்க்கையில் யாரும் அவ்வளவு தடவை 'சார்' என்று கூப்பிட்டதில்லை. வந்த ஓடிபியைப் படித்துவிட்டேன். அத்தையின் கணக்கில் ஆறாயிரத்து முந்நூறு ரூபாய் போய்விட்டது. அத்தை என்னை அடிக்கவில்லை, வையவில்லை. ஊர்க்கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சூடத்தை ஏற்றி வைத்து, "அணைச்சுச் சத்தியம் பண்ணு" என்றாள். சத்தியத்தையும் அவளே சொல்லிக் கொடுத்தாள்: "ஆளு நேர்ல இல்லாம ஓடிபிய வாயால சொல்லமாட்டேன், எழுதிக் குடுக்கமாட்டேன், போனத் தூக்கிக் காட்டமாட்டேன்." வக்கீல்கூட இவ்வளவு சந்து அடைத்து எழுதமாட்டான். நான் சொல்லிச் சூடத்தை அணைத்தேன். உள்ளங்கை பொத்துப்போனது.

சரி, கதைக்கு வருகிறேன்.

அத்தையின் மகள் தாரணி மலேசியாவில் பினாங்கில் இருக்கிறாள். புருஷன் மனோஜ்குமாருக்கு அங்கே கம்பெனி வேலை. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து இப்போதுதான் முதல் பிள்ளை. பிரசவத்துக்கு நான் பக்கத்தில் இருப்பேன் என்று அத்தை வாக்குக் கொடுத்திருந்தாள். வத்தலக்குண்டைத் தாண்டினாலே தலை சுற்றுகிற ஆள், அந்த ஒரு வாக்குக்காகப் பாஸ்போர்ட் எடுத்தாள். மருமகன், "கையில காசு எதுவும் வேண்டாம் அத்தை, கோலாலம்பூர் ஏர்போர்ட்டுக்கே நான் வந்துர்றேன். ஒரு அவசரத்துக்குக் கார்டு மட்டும் கொண்டு வாங்க" என்று சொல்லியிருந்தார். நான்தான் திருச்சி விமான நிலையத்தில் இறக்கிவிட்டேன். மாமா திருமலைச்சாமியும் கூட வந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே போகிற பெண்டாட்டிக்குக் கை காட்டினார். கதவு மூடி வெகுநேரம் ஆன பிறகும் கை இறங்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நானும் மாமாவும் கேரட்டும் முட்டைக்கோசுமாக லோடு ஏற்றிக்கொண்டு பெருமாள்மலையில் டீ குடிக்க நின்றோம். பழனி ரோட்டில் திரும்பி வடகவுஞ்சிப் பக்கம் போய்விட்டால் சிக்னல் வரும், போகும். அதனால் எல்லாப் போனையும் பெருமாள்மலையிலேயே முடித்துவிடுவது என் பழக்கம். டீ கிளாசைக் கையில் எடுத்தேன், வாட்ஸப்பில் அழைப்பு வந்தது.

"வேலு, அத்தை பேசுறேன்லே. எறங்கிட்டேன். மருமகன் வரல."

பின்னால் ஏதோ அறிவிப்பு, சக்கரப் பெட்டிகள் உருளுகிற சத்தம். தாரணிக்கு நாள் முந்திக்கொண்டு வலி எடுத்துவிட்டதாம். மனோஜ்குமார் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, "என்னால வர முடியாது அத்தை, கார்டுல பணம் எடுத்துப் பினாங்குக்குப் பத்தரை மணி பஸ்ஸப் பிடிச்சு வந்துருங்க" என்று ஒரு குரல் பதிவை மட்டும் அனுப்பியிருக்கிறார். அதற்கப்புறம் அவர் போன் எடுக்கவில்லை. அங்கே மணி ஒன்பதரை. பத்தரையை விட்டால் அடுத்த பஸ் சாயங்காலம்தான்.

"பஸ்ஸுக்குக் காசு எடுக்க மிஷின்ல கார்டச் சொருகினேன். வெளிநாட்டுல செல்லாதுன்னு துப்பிருச்சு. அவசரத்துக்குன்னு இடுப்புல ஐநூறு ரூவா முடிஞ்சு வச்சிருந்தேன். காசு மாத்துற கடைக்காரன் அதப் பார்த்துச் சிரிக்கான்."

"ஏன் சிரிக்கான்?"

"பழைய ஐநூறாம்லே."

பத்து வருஷம் போல முடிச்சில் கிடந்த நோட்டு. அதைச் செல்லாது என்று அறிவித்தபோது ஊரே வரிசையில் நின்று மாற்றியது. அத்தை மட்டும் ஒன்றை முடிச்சுக்குள் மறந்திருக்கிறாள். நான் சிரிக்கவில்லை. மாமா முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வராது.

போன் கைமாறியது. பேசியது ஷர்மிளா என்று அங்கே சிம் கார்டு விற்கிற பெண். மலேசியத் தமிழ்ப்பெண்; அங்கே பேச்சின் முடிவில் ஒரு 'லா' போடுவார்கள். "அண்ணே, ஆன்ட்டி கார்டுல வெளிநாட்டு யூஸ் ஆஃப் பண்ணி இருக்கு. பேங்க் வெப்சைட்ல ஆன் பண்ணிட்டா காசு வரும். ஓடிபி உங்க போனுக்குத்தான் வருதாம். மூணு நிமிஷம் டைம். மூணு தடவ தப்பா போட்டா நாளைக்குத்தான் லா."

சொல்லி முடிக்கும்போதே குறுஞ்செய்தி வந்து விழுந்தது. ஆறு இலக்கம். யாரிடமும் பகிராதீர்கள் என்று கீழே எழுதியிருந்தது. நான் படிக்க வாயைத் திறந்தேன்.

"சொல்லாத!" என்று அத்தை போட்ட கூச்சலில் டீக்கடை பாண்டிச்செல்வி அக்கா வடிகட்டியைக் கீழே போட்டுவிட்டாள். "சூடம் அணைச்சிருக்கடா! எம்மக அங்க பிள்ளை பெறக் கெடக்கா, இந்த நேரத்துல சத்தியத்த மீறுவியா?"

"அத்த, அந்தச் சத்தியத்த வாங்குனதே நீங்கதான. நீங்களே சரின்னு சொல்லிருங்க."

"வாங்குனது நானு, கேட்டது முருகன். அவருகிட்ட யாரு கேப்பா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆறாயிரத்து முந்நூறுக்காக என் உள்ளங்கையைப் பொசுக்கியவள், இப்போது மகளிடம் போய்ச் சேரவும் வழியில்லாமல் தன் வழியைத் தானே அடைத்துக்கொண்டு நிற்கிறாள். எழுதி அனுப்பவும் கூடாது, போனைக் காட்டவும் கூடாது. மாமாவைப் பார்த்தேன். சூடமென்றால் அவரும் வாய் திறக்கமாட்டார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"விரலக் காட்டுறேன்" என்றேன். "விரலு சத்தியத்துல இல்லல்ல?"

அத்தை சத்தியத்தை ஒரு தடவை முணுமுணுத்துச் சரிபார்த்தாள். "இல்ல" என்றாள் அத்தை. "ஆனா சோத்துக் கையக் காட்டு. பிள்ளை பெறக்குற சோலி, பீச்சாங்கையக் காட்டாத."

வீடியோ அழைப்புக்கு மாற்றினோம். செய்தியை நான் மனசில் ஏற்றிக்கொண்டு போனை மாமாவிடம் கொடுத்தேன். அவர் அதைச் சாமி படம் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் வலது கையை நீட்டி ஒவ்வொரு எண்ணாகக் காட்டினேன், ஐந்துக்கு மேலே போனால் இரண்டு தடவையாக. ஷர்மிளா அங்கே தட்டினாள். தப்பு என்று வந்தது.

"எப்படித் தப்பாகும்? ஒவ்வொண்ணாச் சரியாத்தான காட்டுனேன்..." என்று விரலைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். என் வலது கை மோதிர விரல் பத்து வருஷத்துக்கு முன்னால் வண்டிப் பின்கதவில் நசுங்கிப் போய்விட்டது. நான் ஐந்து காட்டினால் உலகத்துக்கு நாலுதான் தெரியும். இத்தனை நாளில் அது எனக்கே மறந்துபோயிருந்தது.

"சனியன்" என்று அத்தை சொன்னது என்னையா, விரலையா என்று நான் கேட்கவில்லை.

ஒரு தடவை போயிற்று. அங்கே மணி ஒன்பதே முக்கால். நான் வண்டியைப் பார்த்தேன். லோடு முழுக்கக் கேரட். தார்ப்பாயை இழுத்துப் பெஞ்சின்மேல் விரித்தேன். ஒரு மூட்டையைப் பிரித்துக் கொட்டினேன். ஒவ்வொரு எண்ணுக்கும் அத்தனை கேரட், பூஜ்யத்துக்கு ஒரு முட்டைக்கோஸ் என்று ஷர்மிளாவிடம் ஏற்பாட்டைச் சொன்னேன்.

"காய்கறியா?" என்றாள்.

"காய்கறிதான். சத்தியத்துல காய்கறியப் பத்திப் பேச்சே இல்ல."

"அது எங்க தோட்டத்துக் கேரட்டுதான?" என்று அத்தை நடுவில் கேட்டாள். ஆமாம் என்றதும் அவளுக்கு ஒரு தெம்பு வந்தது குரலிலேயே தெரிந்தது.

இரண்டாவது ஓடிபி வந்தது. விறுவிறுவென்று ஆறு குவியல் வைத்தேன். நடுவில் ஒன்று கோஸ். மாமா போனை நீட்டினார். ஆனால் ரகசிய நம்பரைத் தான் பார்க்கக்கூடாது என்று அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டதில் போனும் திரும்பிவிட்டது. "எனக்கு அங்கிள் மூக்குதான் தெரியுது" என்று ஷர்மிளா சொன்னாள். நான் அவர் கையைப் பிடித்துத் திருப்பினேன். அதற்குள் பாண்டிச்செல்வி அக்கா, "ஏலே, கொரங்கு!" என்று கத்தினாள். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஷர்மிளா எண்ணிப் போட்டாள். அதுவும் தப்பு.

டீக்கடைக் கூரையின் மேல் அந்தக் குரங்கு நிம்மதியாக உட்கார்ந்து கேரட் தின்றுகொண்டிருந்தது. ஏழாக வைத்த குவியலில் ஒன்று அங்கே இருந்தது.

இப்போது ஒரே ஒரு வாய்ப்புத்தான் பாக்கி. அத்தை அழ ஆரம்பித்துவிட்டாள். ஆறாயிரத்து முந்நூறு போன அன்றைக்குக்கூட அழாதவள். "நான் வருவேன்னு எம்பிள்ளை கதவையே பாத்துக்கிட்டுக் கெடப்பாளே வேலு" என்றாள். இவளைப் பற்றி எத்தனை தடவை மனசுக்குள் வைதிருக்கிறேன். அந்த நேரத்தில் என் மிச்ச விரல்களையும் கொடுத்து அவளை அந்தப் பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்று தோன்றியது.

கோயமுத்தூரிலிருந்து சுற்றுலா வேன் ஒன்று டீக்கு நின்றது. அதிலிருந்து இறங்கியவர்கள் கேரட்டுக் கடை என்று நினைத்துக் கிலோ என்ன விலை என்று கேட்டார்கள். மாமாதான் அவர்களிடம் பேசினார். அவர் ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சை எண்ணிவிடலாம். "விக்கிறதுக்கு இல்லீங்க. எம்பேரப்பிள்ளை பெறக்கணும். கொரங்கு வராம மட்டும் பாத்துக்கிடுங்க."

என்ன புரிந்ததோ தெரியாது, பத்துப் பேரும் பெஞ்சைச் சுற்றி வளையம் கட்டி நின்றார்கள். பாண்டிச்செல்வி அக்கா விளக்குமாற்றோடு கூரையைப் பார்த்து நின்றாள். மூன்றாவது ஓடிபி வந்தது. ஒன்பது, பூஜ்யம், ஒன்று, ஆறு, எட்டு, இரண்டு. வைத்தேன். மாமா இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டு நேராகப் பிடித்தார்.

"நானே எண்ணிச் சொல்லுறேன். எங்க கேரட்டு எனக்குத் தெரியும்" என்று அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு முன்னால் வந்தாள். அங்கேதான் அடுத்த வம்பு. அத்தை நாற்பது வருஷமாகக் களத்தில் எண்ணுகிறவள். களத்தில் முதல் எண்ணை யாரும் ஒன்று என்று சொல்வதில்லை. "லாபம், ரெண்டு, மூணு..." என்று ஆரம்பித்து ஒன்பதில் நிறுத்தினாள். ஷர்மிளா ஒன்பது தட்டினாள். கோஸ், பூஜ்யம். அடுத்தது ஒற்றைக் கேரட்.

"லாபம்" என்றாள் அத்தை.

"அப்புறம் ஆன்ட்டி?"

"அப்புறம் ஒண்ணுமில்ல தாயி. லாபம் மட்டுந்தான்."

"லாபம்னா என்ன நம்பர்?"

"லாபம்னா லாபந்தான்!"

ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லை. வாயைத் திறந்து ஒன்று என்று சொல்ல எனக்கு நாக்கு துடிக்கிறது. சொன்னால் சத்தியம் போச்சு. நான் அந்த ஒற்றைக் கேரட்டைத் தூக்கிப் போனுக்கு நேராக ஆட்டினேன். சுற்றி நின்ற கோயமுத்தூர்க்காரர்களும் ஆளுக்கொரு விரலைத் தூக்கினார்கள். அவர்கள் யாரும் சூடம் அணைத்தவர்கள் இல்லை. ஆனாலும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

"ஓ, ஒண்ணா!" என்றாள் ஷர்மிளா. மீதி மூன்றும் தட்டிவிட்டாள்.

"ஆன் ஆயிருச்சு லா!" என்று கேட்டது. வேன்காரர்கள் கை தட்டினார்கள். எதற்கென்று தெரியாமலே தட்டினார்கள் என்று நினைக்கிறேன். ஐந்து நிமிஷத்தில் என் போனுக்குச் செய்தி வந்தது: இருநூறு ரிங்கிட் எடுக்கப்பட்டது, கணக்கில் கழிந்தது நாலாயிரத்துச் சொச்சம், வெளிநாட்டுக் கட்டணம் தனி. மாமா அந்தச் செய்தியை மூன்று தடவை என்னைப் படிக்கச் சொன்னார்.

அத்தையிடம் ஒரு பழக்கம் உண்டு. நோட்டைக் கலைக்க மனசு வராது. கையில் ரொக்கம் வந்ததும் அதை முடிச்சில் போட்டுவிட்டு, கார்டையே எல்லா இடத்திலும் நீட்ட ஆரம்பித்திருக்கிறாள். அது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. வடகவுஞ்சி வளைவுகளில் சிக்னல் வரும்போதெல்லாம் அத்தை எங்கே இருக்கிறாள் என்று பேங்கே எங்களுக்குச் சொன்னது. பஸ் டிக்கெட். கொஞ்சம் கழித்து ஒரு காபி, இருநூற்றெழுபது ரூபாய்.

"காப்பிக்கா?" என்று மாமா பதறினார்.

"காப்பிக்குத்தான்."

"குடிக்கட்டும்" என்றார், ரொம்ப நேரம் யோசித்துவிட்டு.

மார்க்கெட்டில் லோடு இறக்கி முடித்தோம். ஒரு மூட்டை குறைகிறதே என்று கமிஷன்காரர் கேட்டார். மலேசியாவுக்குப் போய்விட்டது என்றேன். மத்தியானம் அத்தை போகிற வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை என்று செய்தி வந்தது. இரண்டு மணிக்குப் பினாங்கில் டாக்ஸி. அதோடு நின்றுபோனது. மூன்று மணி, நாலு மணி, ஒரு செய்தியும் இல்லை. யாரும் போன் எடுக்கவில்லை. மாமா சாப்பிடவில்லை. காலி வண்டியில் உட்கார்ந்துகொண்டு என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாருக்கோ கேஸ் மானியம் வந்த செய்திக்கெல்லாம் எழுந்து நின்றார்.

நாலே முக்காலுக்கு வந்தது. பினாங்கில் ஒரு இனிப்புக் கடை. இரண்டாயிரத்து நூற்றுப் பத்து ரூபாய்.

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்புட்டு ரூவாய்க்கு மிட்டாய் வாங்கிருக்கா. உங்கத்தை. காரணமில்லாம வாங்குவாளாலே?" என்றவர், மார்க்கெட் நடுவில், தக்காளிக் கூடைகளுக்கு மத்தியில், தலைத்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது.

கால் மணி நேரம் கழித்து அத்தையே கூப்பிட்டாள். பெண் குழந்தை. அத்தை போய்ச் சேர்ந்து தாரணியின் கையைப் பிடித்த அரை மணியில் பிறந்ததாம். இரண்டு பேரும் நல்லா இருக்கிறார்கள். மாமாவிடம் அரை நேரம் அழுது, அரை நேரம் பூண்டுக்குத் தண்ணீர் பாய்ச்சினீர்களா என்று கேட்டுவிட்டு, போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"வேலு, நீ இன்னைக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். அவளுக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை. எனக்கும் கேட்டுப் பழக்கமில்லை.

"இருக்கட்டும் அத்த. ஊருக்கு வந்ததும் மொத சோலியா பேங்குக்குப் போய் நம்பர மாத்துங்க."

"மாத்துறேன், மாத்துறேன்" என்றாள். பன்னிரண்டு வருஷமாகச் சொல்கிற அதே குரல். பிறகு, "இங்க ஆஸ்பத்திரில பிள்ளை பேர்ல ஒரு காகிதம் எழுதுனாங்க. தடுப்பூசி தேதியெல்லாம் போன்ல வருமாம், நம்பர் கேட்டாங்க" என்றாள்.

"மருமகன் நம்பரக் குடுத்தீங்களா?"

"அவரு இன்னைக்குப் போன எடுத்தாராலே?" என்றாள் அத்தை.

நான் பதில் சொல்வதற்குள் போன் ஒருமுறை அதிர்ந்தது. ஒரு வார்த்தையும் புரியாத மலாய் மொழியில் ஒரு செய்தி. நடுவில் தாரணியின் பெயர் மட்டும் தெரிந்தது. வாய் நிறைய வையலாம் என்று மூச்சை இழுத்தேன். வரவில்லை. போனைத் துண்டில் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இப்போது பதினெட்டுப் பேர்.